இரண்டு விரற்கடை

தென்காசிக்குக் கிழக்கே, சாரல் அடிக்கும் மாதங்களில் கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாத தென்னாங்குளத்தில், தபால் ஆபீஸ் முப்பிடாதியின் முதுகு படுக்கையில் படாமல் நிற்கிறது என்பதை முதலில் பார்த்தது அவள் புருஷன் நயினார்தான். அவனும் அதைத் தேடிப் பார்க்கவில்லை. ஆனி மாதத்து வியாழக்கிழமை காலையில் அவன் கிழக்கு ஜன்னலைத் திறந்தபோது, அபூர்வமாக எட்டிப் பார்த்த வெயில் கட்டில்மேல் விழுந்து, மல்லாந்து கிடந்தவளுக்கு அடியில் புகுந்து, அந்தப் பக்கம் வெளியேறி, மேற்குச் சுவரில் ஒரு நீளக் கோடாக நின்றது. நயினார் கோட்டைப் பார்த்தான், வெயிலைப் பார்த்தான், பிறகு குனிந்து கட்டிலைப் பார்த்தான். கூந்தல் மட்டும் தலையணையில் கிடந்தது. மற்றபடி அவன் பெண்டாட்டி தோளிலிருந்து குதிகால் வரைக்கும் மெத்தைக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் இருந்தாள்.

"ஏட்டி, நீ மெத்தையில படாம படுத்திருக்க."

"தெரியும் அத்தான். நாலு நாளாச்சு."

"ஏன் சொல்லல?"

"உங்க மெத்தையைக் குறை சொன்ன மாதிரி ஆயிரும்லா, அதான்."

நயினார் இலவம்பஞ்சு மெத்தை தைக்கிறவன். தென்காசி, செங்கோட்டை, ஆலங்குளம் வரைக்கும் கல்யாண வீடுகளுக்கு அவன் கடை மெத்தைதான் போகும். அவன் தைத்த மெத்தையில் படுத்த மாப்பிள்ளைகள் மறுவீட்டுக்குப் புறப்பட மறந்து தூங்கிப்போனதாக ஊரில் பேச்சு உண்டு. அப்பேர்ப்பட்டவன் வீட்டில் இப்படி. அவன் செம்பை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போனான்.

முப்பிடாதிக்கு முப்பத்தேழு வயது. பதினேழு வயதில் மல்யுத்த விரிப்பில் கால் வைத்தவள், இருபது வருஷத்தில் ஏழு முறை தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கினாள், இரண்டு முறை வெளிதேசம் போய் வந்தாள், விளையாட்டு ஒதுக்கீட்டில் உள்ளூர்த் தபால் ஆபீஸிலேயே வேலையும் வாங்கினாள். புள்ளிக்கணக்கில் தோற்றிருக்கிறாள், விலா எலும்பு விரிசல் விட்டுப் பாதியில் எழுந்து வந்திருக்கிறாள். ஆனால் அவளை மல்லாத்தி இரண்டு தோளையும் விரிப்பில் பதித்தவர்கள் யாரும் கிடையாது. மேலே ஏறி அழுத்துகிறவள் எத்தனை கனமாக இருந்தாலும், முப்பிடாதி கழுத்தை ஊன்றி, குதிகாலை ஊன்றி, உடம்பை வில்லாக வளைத்து மணியடிக்கும்வரை அப்படியே நிற்பாள். இருபது வருஷம் முதுகுக்கு அவள் சொல்லிச் சொல்லி வைத்தது ஒன்றே ஒன்று, கீழே பட்டுவிடாதே என்பது. முதுகு அதைக் கேட்டுக்கொண்டது. இப்போது வீட்டில் படுத்தாலும் அதையே செய்தது. ஒருக்களித்தால் பொத்தென்று மெத்தையில் இறங்குவாள், தூக்கத்தில் தன்னையறியாமல் மல்லாந்தால் மறுபடி எழும்பிக்கொள்வாள், காலையில் கண் விழிக்கும்போது ராத்திரி முழுக்க யாரோடோ மல்லுக்கு நின்றவள் மாதிரி உடம்பெல்லாம் வேர்த்திருக்கும்.

பக்கத்து வீட்டு ஜைனம்பு அக்காவுக்குத் தெரிந்த பிறகு ஊருக்குத் தெரிய அரை நாள்கூட ஆகவில்லை. முதலில் ஜைனம்பு தான் அரிசி புடைக்கிற சுளகை எடுத்து வந்து தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரைக்கும் தடங்கலில்லாமல் உருவி எடுத்துக் காட்டினாள். அடுத்த நாள் உயர்நிலைப்பள்ளி அறிவியல் டீச்சர் ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிவந்து அளவுகோல் வைத்து அளந்து, நோட்டில் எழுதச் சொல்லி, "நல்லா எழுதுங்க, பரீட்சைக்கு வராது, ஆனா ஞாபகம் இருக்கும்" என்றாள். அம்மன் கோயில் பூசாரி இதில் தோஷம் ஒன்றுமில்லை என்றார், பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் அதையே சொன்னார், இருவரும் ஒத்துப்போன விஷயம் என்பதால் ஊர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. தோற்காத முதுகு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்கள் நுழைவுச்சீட்டை அந்த இடைவெளியில் ஒரு முறை நுழைத்து எடுத்துப் போனார்கள். பிறந்த குழந்தையின் துணியை, கல்யாணப் பத்திரிகையின் முதல் பிரதியை, கேஸ் நடத்துகிறவர்கள் வக்கீல் தந்த காகிதக் கட்டை, வெளிநாட்டுக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தார்கள், கறக்காத எருமையின் மூக்கணாங்கயிற்றைக்கூட ஒருத்தர் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பகல் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை முப்பிடாதி வாசல் அறையில் மல்லாந்து கிடப்பாள், சனங்கள் வரிசையாக வந்து நுழைத்து எடுத்துப் போவார்கள். அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. பஸ் நிலையத்தில் அவள் படம் போட்ட பெரிய பலகை வைத்த ஊர் அது. அவள் ஜெயித்துவிட்டு வரும்போதெல்லாம் மழையென்றும் பார்க்காமல் தவில் வைத்து அழைத்துப் போன ஊர்.

இளைஞர் மன்றத் தலைவர் சொர்ணமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. அவர்தான் அந்தப் பலகையை வைத்தவர்.

"புரட்டாசியில கடைசிப் போட்டி. அதுலயும் முதுகு படாம வந்துட்டேன்னா, அதுக்குப் பொறவு நீ ஆடவே வேண்டாம் தாயி. ஊர் வாசல்ல வளைவு கட்டி உன் பேரை வச்சிருவோம்" என்றார்.

"சரி அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி. அதற்குப் பிறகு என்ன என்று அவர் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. ஆட்டம் இல்லாத முப்பிடாதி எப்படி இருப்பாள் என்று அவளுக்கே தெரியாது, அந்த முப்பிடாதியோடு அவளுக்கு அறிமுகமில்லை.

ஆடி பிறந்த வாரம் தபால் ஆபீஸில் முத்திரை குத்திக்கொண்டிருந்தபோது, இடது கையில் பிடித்திருந்த கவர்கள் நழுவிக் கீழே விழுந்தன. பொறுக்கினாள். திரும்ப விழுந்தன. மூன்றாவது முறை, கவரைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்பதே கைக்குத் தெரியவில்லை என்று புரிந்தபோது, கவுன்டருக்கு முன்னால் நின்றவர்களிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

எலும்பு டாக்டர் அவளுக்கு அடியில் எக்ஸ்ரே தகட்டை வைக்கும்போது "இது சௌகரியமா இருக்கே" என்று சொன்னார். படத்தைப் பார்த்த பிறகு அவர் சிரிக்கவில்லை. கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தென்று இருக்க வேண்டிய தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார். இருபது வருஷம் கழுத்தை ஊன்றி நின்ற பலன்.

"நாப்பத்திரண்டு நாள். மல்லாக்கப் படுக்கணும், உடம்பு முழுக்கப் படுக்கையில பதியணும். ஒருக்களிச்சா பலிக்காது. இப்ப நீங்க படுக்கிறது படுக்கையே இல்லம்மா, அந்தரத்துல மல்லுக்கட்டுறது. இப்பிடியே விட்டா அந்தக் கை திரும்பி வராது."

"புரட்டாசியில போட்டி இருக்கு டாக்டர்."

"அதுக்கப்புறமும் கழுத்தை ஊன்றக் கூடாதும்மா. கை வேணுமா, போட்டி வேணுமா?"

அவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நயினாரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், யாருடையதோ ஒரு பொருளைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் மாதிரி.

நயினார் கடையைச் சாத்தினான். புதுப்பஞ்சு வாங்கி, கொட்டை நீக்கி, வெயில் கிடைத்த நேரமெல்லாம் உலர்த்தி, அவள் முதுகின் வளைவுக்கேற்ப நடுவில் மேடு வைத்து ஒரு மெத்தை தைத்தான். மேடு எவ்வளவு உயர்ந்ததோ அவளும் அவ்வளவு உயர்ந்தாள். பஞ்சைத் துணியில்லாமல் அப்படியே இடைவெளியில் அடைத்துப் பார்த்தான், பஞ்சுக்கு மேலே இரண்டு விரற்கடை. மெத்தையை எடுத்துவிட்டு வெறுந்தரை, கோரைப்பாய், ஆற்றுமணல், அவள் முதன்முதலில் ஆடிய மைதானத்து மண், எல்லாவற்றுக்கும் மேலே அதே இரண்டு விரற்கடை. கடைசியில் சொர்ணமுத்துவின் தம்பி பெண்டாட்டி, தொண்ணூறு கிலோ, சங்கடப்பட்டுக்கொண்டே வந்து அவள் வயிற்றின்மேல் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

"நானும் விடத்தான் பாக்கேன் அத்தான்" என்றாள் முப்பிடாதி, கண் ஓரத்து ஈரம் காதுக்குள் வடிய. "விடுன்னு சொல்லுதேன். அது கேக்க மாட்டேங்குது."

டாக்டரைப் பார்த்த பதினோராம் நாள் பகலில் நாசரேத்திலிருந்து கிரேஸ் ஜெபமணி வந்தாள். மூன்று மணி நேர பஸ் பயணம், கையில் ஒரு பெட்டி முந்திரி மக்ரூன், நெற்றியில் பயணத்து வேர்வை. பேக்கரி வைத்திருக்கிறவள். அதற்கு முன்னால் பத்து வருஷம் முப்பிடாதியின் எடைப்பிரிவில் ஆடியவள். ஏழு முறை மோதி, ஏழு முறையும் தோற்று, அதில் நான்கு முறை மல்லாந்தவள். இரண்டு பேரும் விரிப்புக்கு வெளியே பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

"பேப்பர்ல போட்டுருந்தான். நம்பல. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குனிந்து இடைவெளியைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை. "எனக்கு இது பழசுட்டி. பத்து வருஷமா உனக்கும் விரிப்புக்கும் நடுவுல இந்த இடைவெளியத்தான பாத்துக்கிட்டிருந்தேன்."

முப்பிடாதிக்குச் சிரிப்பு வந்தது, கழுத்து வலித்தது.

"கிரேஸ், ஒண்ணு கேப்பேன், கோவப்படப்பிடாது. தோள் ரெண்டும் கீழ படும்போது எப்பிடி இருக்கும்?"

கிரேஸ் கொஞ்ச நேரம் மக்ரூன் பெட்டியின் நூலைப் பிரிப்பதும் கட்டுவதுமாக இருந்தாள்.

"மொதல்ல செத்துட்ட மாதிரி இருக்கும். பொறவு ஒரு மூச்சு வரும் பாரு, அடிவயித்துலருந்து. அப்பாடான்னு. அந்த மூச்சு மத்த நேரத்துல வராது. மதுரையில நீ என்னைய மல்லாத்துனப்ப, நடுவர் எந்திரின்னு சொல்லுத வரைக்கும் நல்லா கெடந்தேன். வெளிய சொல்லல, வெக்கம்."

"எனக்கு அந்த மூச்சு வரவே இல்ல" என்றாள் முப்பிடாதி. "பயமா இருக்கு கிரேஸ். கீழ விட்டா, பொறவு நான் யாரு?"

கிரேஸின் கை, ஏதோ பழக்கத்தில் போவதுபோல, அந்த இடைவெளிக்குள் போனது. உள்ளங்கை மேலே பார்க்க, விரல்கள் விரிய, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் போய் நின்றது. பத்து வருஷம் பிடிக்கப் பார்த்துப் பிடி கிடைக்காத இடம். அங்கே அவள் அழுத்தவுமில்லை, இழுக்கவுமில்லை, சும்மா வைத்தாள்.

முதலில் குதிகால் மெத்தையில் பட்டது. பிறகு இடுப்பு. பிறகு முப்பிடாதியின் முதுகு, பயந்த கன்று தொட்டியில் வாய் வைக்கிற மாதிரி, தயங்கி, விலகி, மறுபடி வந்து, கிரேஸின் கைமேல் இறங்கியது. ஒரு பெருமூச்சு வந்தது. அது தெருவரைக்கும் கேட்டதென்று ஜைனம்பு பிற்பாடு சொன்னாள். அடுத்த மூச்சுக்குள் முப்பிடாதி தூங்கிப்போனாள்.

கிரேஸ் கையை எடுக்கப் பார்த்தாள். முதுகு எழும்பப் பார்த்தது. கையை அப்படியே வைத்துவிட்டாள். மூன்று மணி பஸ் போயிற்று, நாலரை பஸ் போயிற்று. நயினார் காப்பி கொண்டுவந்து, மறு கையில் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் சுவரோரம் நின்று பெண்டாட்டி வாய் திறந்து தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்ததில்லை.

"இப்ப நீங்க கைய வைங்க" என்றாள் கிரேஸ் ஐந்தரை மணிக்கு. "கடைசி பஸ்ஸை விட்டா எங்கம்மா தனியாக் கெடப்பா. நாலு வருஷமா வாதத்துல கெடக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா அவளத் திருப்பிப் போடணும், இல்லைன்னா முதுகு புண்ணாயிரும். இன்னைக்குப் பக்கத்து வீட்ல சொல்லிட்டு வந்தேன்."

நயினார் இரண்டு கையையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, கிரேஸின் கை விலக விலகத் தன் கையை நுழைத்தான். முதுகு ஒரு கணம் யோசித்தது, பிறகு சம்மதித்தது.

மறுநாளிலிருந்து தென்னாங்குளம் கை வைக்கத் தொடங்கியது. யாரும் கூட்டம் போட்டு முடிவு பண்ணவில்லை. காலையில் நயினார் கை மரத்துப்போய் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த ஜைனம்பு, குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து "தள்ளும்வே" என்றாள். பதினோரு மணிக்கு அறிவியல் டீச்சரின் அக்கா, மதியம் தபால் ஆபீஸில் கூட வேலை பார்க்கிற சாந்தகுமாரி, மூன்று மணிக்குப் பீடி சுற்றுகிற பெண்கள் இரண்டு பேர், ஒருத்தி கை வைக்க மற்றவள் அவள் பங்குக்கும் சேர்த்துச் சுற்றினாள். ஞாயிற்றுக்கிழமை வரிசை அப்போதும் வந்தது. ஆனால் இப்போது அவர்கள் கையில் நுழைவுச்சீட்டோ பத்திரிகையோ இல்லை, வெறுங்கையைக் கழுவிக்கொண்டு வந்தார்கள். போஸ்ட் மாஸ்டர் தானும் வைக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார், பெண்கள் வேண்டாம் என்று சொல்லவும், பட்டுவாடா ஆகாத பழைய போஸ்ட் கார்டுகளை வாசற்படியில் உட்கார்ந்து அவளுக்கு வாசித்துக் காட்டினார். கை வைத்தவர்கள் ஒருத்தருக்கொருத்தர் அடையாளம் சொல்லிக்கொண்டார்கள். முதுகெலும்பின் இரண்டாம் கணுவில் ஒரு மச்சம், இடது பக்கம் சாணி வறட்டி மாதிரி காய்த்துப்போன ஒரு தழும்பு, தூக்கம் சொக்கும்போது லேசான ஒரு நடுக்கம். இருபது வருஷம் பலகையில் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இப்போதுதான் அவளைத் தெரிந்தது. முப்பிடாதி தூங்கினாள். காலையில் தூங்கினாள், பகலில் தூங்கினாள், கஞ்சி குடிக்க எழுந்து மறுபடி தூங்கினாள். இருபது வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது.

கை வைக்கத் தொடங்கிய முப்பதாம் நாள் சொர்ணமுத்து வந்தார். அவர் வந்தபோது கை வைத்திருந்தது அவருடைய சொந்தப் பெண்டாட்டி.

"டாக்டர் சொல்ற கணக்குப் பாத்தா போட்டிக்குப் போவ முடியாதேம்மா."

"போகல அண்ணாச்சி. விலகிக்கிடுதேன்னு எழுதியாச்சு. சாந்தகுமாரி முத்திரை குத்தி அனுப்பிட்டா."

சொர்ணமுத்து நாற்காலியின் கையைத் தடவினார். "போகாம நின்னா அது தோல்வி ஆகாதுல்லா? வளைவுல தோற்காதன்னு போடலாம்லா?"

"தோல்வியா இருந்தாத்தான் என்ன அண்ணாச்சி?" என்றாள் முப்பிடாதி. சொன்ன பிறகு அவளே அதைக் கேட்டு வியந்தாள்.

"செத்த நேரம் பேசாம இரிங்க. முதுகு நடுங்குது, தூங்கப் போறா" என்று பெண்டாட்டி அதட்டினாள். சொர்ணமுத்து போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

நாற்பத்திரண்டாம் நாள் மதியம் ஜைனம்புவின் முறை. அஸர் தொழுகைக்கு நேரமாகிறது என்று அவள் கையை உருவப் பார்த்தாள். வரவில்லை. கையை அசைத்துப் பார்த்தாள், அது மெத்தைக்குள் புதைந்து, மேலே அறுபத்திரண்டு கிலோவும் ஏறி, விரல் நுனி மரத்துப்போயிருந்தது. ஜைனம்பு குனிந்து பார்த்தாள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியவில்லை.

"நயினாரு, ஏ நயினாரு, எங் கை மாட்டிக்கிச்சு."

அவன் ஓடிவந்து முழங்காலிட்டுப் பார்த்தான். இடைவெளி என்று ஒன்று இல்லை. அது எந்த நாளில், யார் கை இருக்கும்போது மூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நேரமும் ஒரு கை உள்ளே இருந்ததால் ஒருத்தரும் அளந்து பார்க்கவில்லை.

"எழுப்பட்டுமா?" என்றான்.

"எழுப்பினா உமக்கு எங்க வீட்ல சோறு கெடையாது."

நயினார் போய்க் கத்தரியை எடுத்து வந்து, கட்டிலுக்கு அடியில் மல்லாந்து நுழைந்து, கயிற்றுப் பின்னலுக்கு நடுவே மெத்தையின் அடித்துணியில் தான் போட்ட தையலை ஒவ்வொன்றாக வெட்டினான். அவன் வாழ்நாளில் தைத்ததிலேயே நல்ல மெத்தை அது. பிடி பிடியாகப் பஞ்சை உருவினான். மேலே பள்ளம் விழ விழ ஜைனம்புவின் கை கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டு வந்தது. பஞ்சு அவன் மூக்கில் ஏறியது, மீசையில் ஒட்டியது, தும்மலை அடக்கி அடக்கிக் கண்ணில் நீர் வந்தது. அது தும்மலால் வந்த நீர்தானா என்று ஜைனம்பு கேட்கவில்லை. மரத்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு அவள் தொழுகைக்குப் போனாள். முப்பிடாதி அந்தப் பள்ளத்துக்குள், யார் கையும் இல்லாமல், கூடுதலாக இரண்டு மணி நேரம் தூங்கினாள். எழுந்து முகத்தைத் துடைத்தபோது, துண்டின் ஈரம் இடது கைக்குத் தெரிந்தது.

புரட்டாசியில், போட்டி நடந்த அதே வாரத்தில், அவள் நாசரேத்துக்கு பஸ் ஏறினாள். கிரேஸின் வீடு பேக்கரிக்குப் பின்னால், ரொட்டி வாசத்துக்குள் இருந்தது. உள்ளறையில் கிரேஸின் அம்மா எஸ்தரம்மாள் சுவரைப் பார்த்துக் கிடந்தாள், பெரிய உடம்பு, நாலு வருஷமாகத் தன்னால் திரும்பாத உடம்பு.

"யாரு?" என்றாள் குழறிய வாயால்.

"என்னைய நாலு தடவை மல்லாத்துனாளே, அவதாம்மா."

எஸ்தரம்மாளின் ஒரு கண் முப்பிடாதியை மேலும் கீழும் பார்த்தது.

"திருப்புத நேரம்" என்றாள் கிரேஸ். "நான் ஒத்தையிலயே செய்திருவேன். நீ உக்காரு, டீ போடுதேன்."

முப்பிடாதி உட்காரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டிலுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். ஒரு உடம்பின் கனம் எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் கை கொடுத்தால் அது தானாகத் திரும்பும், எப்போது முழங்காலை மடக்கித் தர வேண்டும், இதெல்லாம் அவளுக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் இத்தனை மெதுவாக அவள் அதைச் செய்ததில்லை. இடது கையைத் தோளுக்கு அடியில் கொடுத்தாள், வலது கையை இடுப்புக்குக் கொடுத்தாள், எதிர்ப்பக்கம் கிரேஸ் கால்களை வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்த்துத் தலையசைத்தார்கள். எஸ்தரம்மாள் ஒரு முனகல்கூட இல்லாமல் திரும்பி, ஜன்னலைப் பார்த்துப் படுத்தாள்.

"இவ பையச் செய்தா" என்றாள் மகளிடம். "நீ இழுத்துப் போடுவ."

கிரேஸ் சிரித்தாள். முப்பிடாதி அந்த முதுகில் சிவந்திருந்த இடத்தைத் துடைத்து, பவுடர் போட்டு, காற்றுப் படட்டும் என்று சட்டையைத் தளர்த்திவிட்டாள்.

"அடுத்து எப்ப திருப்பணும்?"

"ரெண்டு மணி நேரம் கழிச்சு. அதுக்குள்ள உனக்கு பஸ் வந்துருமே."

முப்பிடாதி கைக்கடிகாரத்தைக் கழற்றி, எஸ்தரம்மாளுக்கும் தெரியும்படி ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.